காலியாக ஓர் அறை

கேமரா பை வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு சாமான் கொள்ளும்?" கடைக்காரரும் அதற்குத் தயாராக இருப்பார். இரண்டு பாடி, ஐந்து லென்ஸ், பின்னால் லேப்டாப், பக்கவாட்டில் டிரைபாட் என்று அடுக்கிக் காட்டுவார். கல்யாண வேலை செய்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நின்றபடியே, பையைக் கீழே வைக்காமல், குனிந்து பார்க்காமல், ஒரு லென்ஸைக் கழற்றி இன்னொன்றை மாட்ட இந்தப் பை விடுமா? மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பிலிம் காலத்திலிருந்து கல்யாணம் எடுத்து வருகிறேன். பையிலிருந்து ஒரு பொருளை வேகமாக எடுப்பதைப் பற்றித்தான் எல்லா விளம்பரமும் பேசுகிறது. எடுப்பது சுலபம். திரும்ப வைப்பதில்தான் நேரம் போகிறது.

கையில் பாடி, அதில் 24-70. பைக்குள் 70-200. மாற்ற வேண்டும். பாடி, கழற்றிய லென்ஸ், மாட்டப் போகிற லென்ஸ், அதன் பின்மூடி என்று நான்கு சாமான். நமக்கு இருப்பது இரண்டு கை. பையில் எல்லா அறையும் நிரம்பியிருந்தால் புதிய லென்ஸை வெளியே எடுத்த பிறகுதான் பழையதற்கு இடம் கிடைக்கும். அந்த இடைவெளியில் ஒரு லென்ஸ் அக்குளுக்குப் போகும், அல்லது மணவறைப் பூ அலங்காரத்தின் ஓரத்துக்குப் போகும், அல்லது பக்கத்தில் நிற்கிற யாரோ ஒரு மாமாவின் கைக்குப் போகும். அவர் அதைக் கண்ணில் வைத்துத் தூரத்தில் இருக்கிற மச்சினனைப் பார்ப்பார்.

ஒரு அறை காலியாக இருந்தால் இந்தக் கூத்து இல்லை. பாடி கழுத்தில் தொங்குகிறது. பைக்குள் கைவிட்டு 70-200இன் பின்மூடியை அங்கேயே திருகித் தளர்த்திவிடுகிறேன். மூடி அதன் தலைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பாடியிலிருந்து 24-70ஐக் கழற்றிக் காலி அறையில் இறக்குகிறேன். தளர்ந்த மூடி இதன் தலைக்கு மாறுகிறது. 70-200ஐத் தூக்கி மாட்டுகிறேன். இப்போது அது இருந்த அறை காலி. அடுத்த முறைக்கு அதுதான் இடம். ஒரே மூடி இரண்டு லென்ஸுக்கும் மாறி மாறி வேலை பார்க்கும். இதற்கு லென்ஸ்கள் பின்பக்கம் மேலே பார்க்க நிற்க வேண்டும், ஹுட் மாட்டியபடியே உள்ளே போகும் அகலம் அறைக்கு இருக்க வேண்டும். ஹுட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால்தான் கொள்ளும் என்கிற பையை நான் வாங்குவதில்லை. முன்மூடியை மண்டபத்துக்குள் போடுவதும் இல்லை. ஹுட் இருக்கிறது, யுவி ஃபில்டர் இருக்கிறது, போதும்.

மற்ற படப்பிடிப்புகளில் இந்த அவசரம் கிடையாது. கல்யாணத்தில் இருக்கிறது. ஐயர் கையைத் தூக்கி 'கெட்டிமேளம்' என்பார். நாதஸ்வரமும் தவிலும் ஏறும், உட்கார்ந்திருந்த கூட்டம் எழும், நாலாபக்கமும் அட்சதை பறக்கும், முதல் முடிச்சு விழுந்துவிடும். இரண்டாம் முடிச்சுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நாத்தனார் கை குறுக்கே வரும். அதற்குள் செல்போன்கள் எல்லாம் உயர்ந்திருக்கும். அடுத்து அம்மி மிதித்து மெட்டி போடும் சடங்கு. தரையோடு தரையாகப் போக வேண்டும். அதற்குமேல் மணப்பெண்ணின் அம்மா கண் கலங்குவதைத் தூரத்திலிருந்து பிடிக்க வேண்டும். இவற்றில் எதையும் 'இன்னொரு தடவை கட்டுங்கள்' என்று கேட்க முடியாது. கேட்டவர்களும் உண்டு என்று கேள்வி.

பிலிம் காலத்தில் இந்தத் தொல்லை வேறு மாதிரி இருந்தது. ஒரு ரோலுக்கு 36 படம், சுற்றுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் ஒன்றிரண்டு கூட. நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டூடியோ அண்ணன் பெரிய ரெக்சின் பை வைத்திருந்தார். அதில் ஃப்ளாஷ், அதன் பேட்டரி, வயர், பிளாஸ்டிக் கவரில் சுருட்டிய துண்டு எல்லாம் கிடக்கும். ஆனால் ரோல் மட்டும் அந்தப் பைக்குள் போகாது. எடுக்காத ரோல் சட்டைப் பையில், எடுத்த ரோல் பேன்ட் பையில். "டேய் தம்பி, மேல இருக்கிறது நம்ம காசு, கீழ இருக்கிறது அவங்க கல்யாணம். ரெண்டையும் கலந்துராத" என்பார். எடுத்து முடித்த ரோலின் முனை முழுதும் உள்ளே சுற்றியிருக்கும், புது ரோலின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; இருட்டிலும் விரலால் தடவிச் சொல்லிவிடலாம். கெட்டிமேளத்துக்கு முன்னால் 30ஐத் தாண்டிய ரோலைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிட வேண்டும் என்பதும் அவர் சட்டம். மிச்சமிருந்த ஐந்தாறு படம் வீண்தான், அதைக் கூலியில் சேர்த்துக்கொள்வார்.

அந்தப் பழக்கம் அப்படியே மெமரி கார்டுக்கும் ஃப்ளாஷ் பேட்டரிக்கும் வந்துவிட்டது. ஃப்ளாஷுக்கு நான்கு ஏஏ பேட்டரி. சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் சார்ஜ் ஆனவை பிளஸ் முனை மேலே தெரிய, தீர்ந்தவை தலைகீழாக. கார்டு டப்பாவில் எடுத்த கார்டு முதுகு காட்டிக் கிடக்கும். காலி கார்டு பையின் வெளி அறையில், எடுத்த கார்டு ஜிப் போட்ட உள் அறையில். பேருந்து நடத்துநர் தோள்பைக்குள் பார்க்காமலே பத்து ரூபாய்த் தாளையும் சில்லறையையும் தனித்தனியாக எடுக்கிறாரே, அவருக்குப் பை தெரியாது, இடம் தெரியும். எனக்கும் அவ்வளவுதான் வேண்டும். அதனால் ஒரு முறை பார்ட்டிஷன்களை வெல்க்ரோவில் ஒட்டி முடித்தால் வருடக்கணக்கில் மாற்ற மாட்டேன். புது லென்ஸ் வாங்கினாலும் பழைய அறைக்கு அது பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

நல்ல பைகளைச் செய்தவர்கள் பலரும் வேலையிலிருந்து வந்தவர்கள் என்பது தற்செயல் இல்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா இன்க்வயரர் நாளிதழில் போட்டோகிராபராக இருந்த ஜிம் டோம்கி, 1970களின் நடுவில், கடையில் கிடைத்த பைகள் பிடிக்காமல் தனக்காக ஒன்றை வடிவமைத்தார். பருத்திக் கேன்வாஸ் துணி, சுற்றுச்சுவரில் ஸ்பாஞ்ச் கிடையாது, உள்ளே கழற்றி மாட்டும் அறைகள், மூடியைப் பிடிக்க இரண்டு உலோகக் கொக்கி, பையின் அடிவயிற்றைச் சுற்றித் தைத்த பட்டை, அந்தப் பட்டையில் தோளிலிருந்து வழுக்காமல் இருக்க ரப்பர் இழை. எஃப்-2 என்ற அந்தப் பை பத்திரிகைக்காரர்கள் நடுவே பரவியது. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் 1973இல் மீன்பிடிப் பைகள் தைக்க ஆரம்பித்த நிறுவனம். 1978 வாக்கில் அந்தப் பைகளை நியூயார்க்கில் போட்டோகிராபர்கள் வாங்கிக் கேமரா வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் கேமரா பைக்கே திரும்பினார்கள். தூண்டில்காரருக்கும் நமக்கும் தேவை ஒன்றுதான்: ஒரு கை கோலில், இன்னொரு கை பைக்குள், கண் தண்ணீரில். 2005இல் தொடங்கிய திங்க் டேங்க் நிறுவனத்திலும் வடிவமைப்பாளர்களோடு இரண்டு பத்திரிகை போட்டோகிராபர்கள் சேர்ந்திருந்தார்கள்.

ஸ்பாஞ்ச் இல்லாத பை என்றதும் புதிதாக வருகிற பையன்கள் பதறுவார்கள். விழுந்தால் என்ன ஆகும்? பை விழக் கூடாது, அவ்வளவுதான். அது உடம்பில் இருக்கிற பொருள். தடித்த ஸ்பாஞ்ச் சுவர் இருந்தால் பை பெட்டியாகி இடுப்பிலிருந்து விலகி நிற்கும், வரிசை நாற்காலிகளுக்கு நடுவே போகும்போது நாலு பேரை இடிக்கும். துணிப் பை இடுப்பில் படிந்துவிடும். அடியில் மட்டும் கொஞ்சம் தடிப்பு இருந்தால் போதும்.

முதுகுப் பை சுமப்பதற்கு, தோள்பை வேலை செய்வதற்கு. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. முதுகுப் பையில் பின்பக்கமாக, அதாவது முதுகோடு ஒட்டும் பக்கமாகத் திறக்கிற வகை ஒன்று உண்டு. பஸ்ஸிலும் ரயிலிலும் அதைவிடப் பாதுகாப்பு இல்லை, யாரும் பின்னால் நின்று ஜிப்பைத் திறக்க முடியாது. ஆனால் மண்டபத்தில் அதைத் திறக்க ஒரு நாற்காலி வேண்டும் அல்லது மண்டியிட வேண்டும். பக்கவாட்டில் ஜிப் வைத்து, ஒரு தோளை மட்டும் கழற்றி முன்னால் திருப்பிக்கொள்ளும் முதுகுப் பைகள் பரவாயில்லை. ஒரு லென்ஸை எடுக்கலாம், இரண்டாவதை வைக்கும்போது மறுபடி பிரச்சினைக்கே வருவோம். ஒற்றைப் பட்டை ஸ்லிங் பைகளும் வந்தன. முதுகிலிருந்து அக்குள் வழியாக முன்னால் சுழற்றினால் பக்கச் சுவர் தட்டுபோலத் திறக்கும். சின்ன கேமராவுக்கு அழகான ஏற்பாடு. நம் கனத்துக்கு ஆகாது. ஜிப்பை மூடாமல் பின்னால் தள்ளினால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். பெரும்பாலும் ஒரே தோளுக்கென்று தைத்திருப்பதால் இடதுகைக்காரர்கள் பாடும் திண்டாட்டம்.

கனம் என்றேனே, கணக்குப் போட்டுப் பாருங்கள். நிக்கான் டி750 பாடி பேட்டரி இல்லாமல் 750 கிராம், அது இரண்டு. 24-70 எஃப் 2.8ஜி 900 கிராம். 70-200 எஃப் 2.8 விஆர் 2 ஒன்றரைக் கிலோவுக்கு மேல். இரண்டு ஃப்ளாஷ், பேட்டரிகள், கார்டுகள், பை. ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். அதிகாலை நான்கு மணி முகூர்த்தத்துக்குத் தோளில் ஏறினது மத்தியானப் பந்தி வரை இறங்காது. இதனால்தான் பலரும் இரண்டு பாடியையும் இரண்டு பக்கமும் தோல் பட்டையில் தொங்கவிட்டுக்கொண்டு, பையைக் கையைவிட்டே விலக்கிவிட்டார்கள். கேண்டிட் எடுக்கிற பையன்களுக்கு அது பொருந்துகிறது. டிரெடிஷனல் எடுக்கிற எனக்குப் பொருந்தவில்லை. குனிந்து மணப்பெண் கையில் மருதாணியை எடுக்கும்போது பக்கவாட்டில் தொங்குகிற இரண்டாவது பாடி ஊஞ்சலாடி, பக்கத்தில் நிற்கிற பாட்டியின் முழங்காலைத் தேடிப் போகும்.

மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கடையில் யாரும் கவனிப்பதில்லை. மூடியின் கீல் உடம்புப் பக்கம் இருந்தால், திறந்த மூடி வயிற்றில் முட்டித் திரும்பக் கையின் மேலேயே விழும். கீல் வெளிப்பக்கம் இருந்தால் மூடி அந்தப் பக்கமாகச் சாய்ந்து தொங்கும், கை நேராக இறங்கும். கீல் உடம்புப் பக்கமாக உள்ள துணிப் பையில் மூடியை மடித்து இடுப்புக்கும் பைக்கும் நடுவே செருகிவிடலாம். ஸ்பாஞ்ச் பையில் அந்த வசதி இல்லை.

ஜிப்பா, வெல்க்ரோவா, கொக்கியா என்றால் எனக்கு ஜிப் கடைசி. வேகமாக இழுக்க வேண்டிய நேரத்தில்தான் அது உள்துணியைக் கடிக்கும். மெழுகுவர்த்தியை ஜிப் பல்லில் தேய்த்து வைத்தால் கொஞ்ச காலம் ஓடும். வெல்க்ரோ வேகம், ஆனால் வாய் திறக்கும். மார்கழிக் கச்சேரியில் பாடகர் ஆலாபனையைக் கீழே இறக்கிக்கொண்டு வருகிற இடத்தில் ஒரு வெல்க்ரோ கிழிந்தால் முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும். துக்க வீட்டில் அதைவிட மோசம். திங்க் டேங்கின் ரெட்ரோஸ்பெக்டிவ் பைகளில் வெல்க்ரோவின் மேல் மடித்து ஒட்டிச் சத்தத்தை அடக்கும் ஒரு துணிப்பட்டை வைத்தார்கள். அதை வடிவமைத்தவர் எங்கோ ஒரு சபாவில் முறைப்பு வாங்கியிருப்பார் என்பது என் ஊகம்.

உள்துணியின் நிறமும் கேள்விக்குரியது. பைக்கு வெளியே கறுப்பு, உள்ளே கறுப்பு, லென்ஸ் கறுப்பு, மூடி கறுப்பு. விளக்கணைத்து ரிசப்ஷனில் புரொஜெக்டர் ஓடும்போது அந்தக் கறுப்புக்குள் கறுப்பு மூடியைத் தேடிப் பார்த்தவர்களுக்கு மஞ்சள் துணியின் அருமை தெரியும்.

இதையெல்லாம் பட்டியல் போட்டு, பை தைக்கிற பாயிடம் ஒரு நாள் போய் நின்றேன். ஸ்கூல் பையும் டிபன் பையும் தைத்துக் கொடுப்பவர். என் கேன்வாஸ் பை அடித்துணி நைந்துவிட்டது. அதே அளவில் ஒன்று, ஆனால் மூடி வெளிப்பக்கம் சாய வேண்டும், உள்ளே மஞ்சள் துணி, நான்கு அறை வேண்டும் என்றேன். லென்ஸ்களைப் பார்த்து எண்ணினார்.

"மூணுதானே இருக்கு தம்பி, நாலாவது எதுக்கு?"

"அது காலியா இருக்கணும் பாய்."

"காலியா இருக்கிறதுக்கும் கூலி உண்டு பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தைத்துக் கொடுத்தார். பட்டையை அடிவயிறு வரை கொண்டுபோய்த் தைக்க வேண்டும் என்று நான் சொல்லாமலே செய்திருந்தார். காய்கறிப் பையிலேயே அப்படித்தான் போடுவாராம், இல்லாவிட்டால் காது பிய்ந்துவிடும் என்றார். வாய்ப்பகுதிக்கு வளையாத ஒரு பிளாஸ்டிக் பட்டையை உள்ளே வைத்துத் தைத்ததால் வாய் எப்போதும் திறந்தே நிற்கும். பெரிய கம்பெனிப் பைகள் சிலவற்றில்கூட இது கிடையாது; தோளில் மாட்டியதும் வாய் குவிந்துகொள்ளும், இரண்டு கையாலும் விரிக்க வேண்டும்.

எந்தப் பையும் தோற்கிற இடம் ஒன்று உண்டு. சித்ரா பௌர்ணமி விடியலில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது ஆற்றுக்குள் நிற்கிற கூட்டத்தில் கையைத் தூக்கினால் இறக்க முடியாது. ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிக் குழாயால் பீய்ச்சுகிற பக்தர்கள் நாலாபக்கமும் இருப்பார்கள். ராமராயர் மண்டபத் தீர்த்தவாரியில் இன்னும் அதிகம். அங்கே தோள்பை பக்கவாட்டில் இருந்தால் கூட்டம் அதை இழுத்துக்கொண்டு போகும், நாம் பின்னாலேயே போக வேண்டும். லென்ஸ் மாற்றும் எண்ணமே வேண்டாம். பாலித்தீன் கவர் சுற்றிய ஒரு பாடி, பெல்ட்டில் வயிற்றுக்கு முன்னால் சுருக்குக் கயிறு போட்ட ஒரு பௌச்சு, அதில் கார்டும் பேட்டரியும் உலர்ந்த துணியும். மழைக்குப் பைமேல் போர்த்துகிற கவர் இருக்கிறதே, அது வீடு திரும்பும் வழிக்கு. அதைப் போர்த்தியபடி உள்ளிருந்து ஒரு பேட்டரி எடுத்துக் காட்டுங்கள்.

மண்டபத்தில் தண்ணீர் இல்லை, ஆனால் தூசி உண்டு. திறந்த பை அட்சதைக்கு ஒரு உண்டியல். மஞ்சள் அரிசி, குங்குமம், ஹோமப் புகைக் கரி எல்லாம் அறைகளின் அடியில் தங்கும். அங்கிருந்து லென்ஸின் பின்பக்கம், அங்கிருந்து சென்சார். மிர்ரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் நேராகத் தெரியும். கேனான் 2018இல் கொண்டுவந்த ஈஓஎஸ் ஆர் கேமராவை அணைத்தால் ஷட்டர் திரை மூடிக்கொள்ளும் ஏற்பாடு செய்தார்கள், எல்லாக் கேமராவிலும் அது இல்லை. ஒவ்வொரு முகூர்த்த நாள் முடிந்ததும் பார்ட்டிஷன்களை உருவிப் பையைத் தலைகீழாகத் தட்டி, வேக்குவம் போட்டு, வெயிலில் காய வைக்கிறேன். வியர்வை ஊறிய பைக்குள் லென்ஸை வைத்து மாதக்கணக்கில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். பை வேலை நேரத்து வீடு மட்டும்தான். வேலை இல்லாத நாட்களில் லென்ஸ்கள் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் இருக்க வேண்டும்.

பை வாங்கக் கடைக்குப் போகிறவர் தன் சாமான் முழுவதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. கடையிலேயே எல்லாவற்றையும் உள்ளே வைத்து, தோளில் மாட்டி, நடந்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை லென்ஸ் மாற்றிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். அதோடு, இருக்கிற சாமானைவிட ஒரு அளவு பெரிய பை வாங்கினால் பின்னாளுக்கு ஆகும் என்ற யோசனையும் வேண்டாம். பெரிய பையில் இடம் இருக்கிறதே என்று சாமான் சேரும், காலி அறைதான் முதலில் பலியாகும்.

வெளியூர்க் கல்யாணத்துக்கு விமானத்தில் போனால் இரண்டு பை வேண்டியிருக்கிறது. உள்நாட்டு விமானங்களில் கைச்சாமானுக்கு 7 கிலோதான் கணக்கு. தனியாக எடுத்துப் போகும் லித்தியம் பேட்டரிகளும் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். அதனால் கண்ணாடியும் பேட்டரியும் சக்கரம் வைத்த சிறிய டிராலியில், ஸ்டாண்டும் குடையும் செக்-இன்னில். பாய் தைத்த கேன்வாஸ் பை மடிந்து டிராலிக்குள் லென்ஸ்களுக்கு மேல் மெத்தையாகக் கிடக்கும். மண்டபம் போனதும் எல்லாம் கேன்வாஸ் பைக்கு மாறும், காலி டிராலி மணமகன் அறைக்குப் போகும். அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சித்தப்பா இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருப்பார், பாயசம் வந்த பிறகுதான் எழுவார்.